வெள்ளிக்கிழமை மோட்டார்

எங்கள் குடும்பத்தில் மோட்டாரைப் பற்றிக் கொஞ்சமாவது விவரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஒருவர் என் மாமா. இன்னொருவர் நான். அப்பாவை அதில் சேர்க்கவில்லை. அவர் சவூதியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு கம்பெனியில் பம்ப் ஆபரேட்டராக இருந்தார் என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டு உயரத்துக்கு நிற்கும் பம்புகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிய மனிதரை, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளை எப்படித் தள்ளுபடி செய்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அப்பாவைச் சிறு வயதில் இடுப்பில் சுமந்து திரிந்தவள் என்பதால், அப்பா மீதான எல்லா உரிமையிலும் முதல் பங்கு தனக்கு என்று நினைத்திருந்தாள். யாரும் மறுத்ததில்லை. ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். வீட்டுக்கு முன்னால் வயல், பின்னால் தென்னையும் வாழையும். அடுக்களைக் கதவைத் திறந்தால் நேராகக் கிணறு. கிணற்றங்கரையில் ஒரு துவைக்கிற கல், அதற்குக் கை எட்டும் தூரத்தில் ஒரு சிமெண்டு மேடை. மேடைமேல் தகர மூடி போட்ட மோட்டார் உட்கார்ந்திருக்கும்.

அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார். அந்த இரண்டு மாதத்திலும் பாதி, சொந்தக்காரர்கள் வீடுகளில் சாப்பிட்டே தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் அவர் எங்களுக்கு ஒரு குரல்தான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏதாவது தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் செல்போன் அடிக்கும். முதலில் எடுப்பவள் அத்தை. கடியப்பட்டணத்து மீன்காரி இந்த வாரம் அயலையே கொண்டுவரவில்லை என்பதில் ஆரம்பித்து, யார் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனது, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தத் தென்னையில் வண்டு விழுந்தது என்பது வரை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அப்புறம் என் முறை.

“படிக்கியா மக்கா?”

“படிக்கேன்.”

“அம்மை சொன்னா கேக்கியா?”

“கேக்கேன்.”

இரண்டும் பொய் என்று அவருக்கும் தெரியும். கடைசியாக அம்மா. அம்மா போனை வாங்கும்போது அத்தை பேசிக் களைத்துப்போய் அதே நாற்காலியில்தான் இருப்பாள். அந்தப் பக்கமும் அதே கதை. ஓர் அறைக்குள் ஆறு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில், ஒருவர் பேசினால் ஐந்து பேர் கேட்டே ஆக வேண்டும். அம்மாவின் போன் பேச்சு நான்கு வார்த்தைக்குள் அடங்கிவிடும். “ம்.” “ஆமா.” “சரி.” “ஒண்ணுமில்ல.” அப்பா என்ன கேட்டாலும் இந்த நான்கில் ஒன்றுதான் பதிலாகப் போகும். போன் பேசுவது அம்மாவுக்குப் பிடிக்காத வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு தை மாதத்துக் காலையில் மோட்டார் மக்கர் பண்ணியது. சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்குக் கயிறும் வாளியும் கட்டி இறைத்துச் சமாளித்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தையின் செய்தியும் என் இரண்டு பொய்யும் முடிந்து போன் அம்மாவிடம் போனது. வழக்கமான நான்கு வார்த்தைகளை எதிர்பார்த்து நான் விளையாடக் கிளம்பும்போது, அம்மா வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது.

“இஞ்சேருங்கோ, மோட்டாரு தண்ணி பிடிக்க மாட்டேங்குது.”

அந்தச் செல்போனில் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். அப்பாவின் குரலே மாறிப்போனது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“சத்தம் எப்படி இருக்கு?”

“கரகரன்னு...”

“ஏட்டி, கரகரன்னு சொன்னா எனக்கு என்ன தெரியும்? போனை மோட்டாருக்கப் பக்கத்துல கொண்டு போ. நான் கேக்கேன்.”

தொடர்ந்து அவர் அறையில் இருந்தவர்களிடம், “வீட்டுல மோட்டாரு கேடு. சத்தம் கேக்கணும். நான் மேல மாடிக்குப் போயிட்டு வாறேன்” என்று சொல்வதும், கதவு சாத்தும் ஓசையும், பிறகு காற்று இரைவதும் கேட்டன. அம்மா போனோடு அடுக்களைக் கதவைத் தாண்டிக் கிணற்றங்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தையும் வந்தாள். கதவுநிலை வரை வந்தவள், அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எனக்கு முட்டு வலிக்கி” என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள்.

அப்பா சவூதியில் இருந்து எங்கள் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டார். மருத்துவர் மூச்சை இழுத்து விடச் சொல்வதுபோல, போடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார். நான் போனை மோட்டாரின் மண்டைக்கு நேராகப் பிடித்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது.

“புட் வால்வுக்க வாசர் போயிருக்கு. பைப்புல நிக்க வேண்டிய தண்ணி கீழ எறங்கிருது. அதான் வெறும் காத்த இழுக்கு. மண்டையில ஒரு போல்டு இருக்கும் பாரு, அதக் கழத்தித் தண்ணி ஊத்து. நெறஞ்ச பொறவு மூடிட்டுப் போடு.”

கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் ஒரு வால்வு உண்டு. அதற்குள் வாசர் என்கிற ஒரு ரப்பர் மூடி, தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அது தேய்ந்துவிட்டால் இராத்திரியோடு இராத்திரியாகப் பைப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே ஒழுகிப் போய்விடும். நாங்கள் வாளியில் இறைத்து மோட்டாரின் மண்டைக்குள் ஊற்றினோம். ஊற்ற ஊற்றக் குடித்தது. ஒருவழியாக நிறைந்து வழிந்ததும் போல்டை முடுக்கிச் சுவிட்சைப் போட்டாள் அம்மா. கரகர என்றது. பிறகு, கீரிப்பாறை மலை ஏறும் பஸ் கியர் மாற்றுவதுபோலச் சத்தம் கனத்து இறங்கியது. தண்ணீர் பிடித்துவிட்டது.

“கேட்டியா, கேட்டியா, இப்பம் பிடிச்சிட்டு!” என்று அங்கிருந்து அப்பா கூவினார். அம்மா சிரித்தாள். “ஆளக் கூப்பிட்டு அந்த வாசர மாத்திரு. சின்ன வேலதான்” என்றார் அப்பா. பிறகு என்னை மாடிக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நான் ஏறிப் பார்த்து, “விழுது!” என்று கத்தினேன். அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகும் மோட்டாரைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. அப்பாவின் போன் கார்டு தீர்ந்த பிறகுதான் அம்மா எழுந்தாள்.

அந்தச் சின்ன வேலைக்கு அம்மா ஆள் கூப்பிடவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, பைப் இணைப்பில் காற்று ஏறுகிறதா என்று சோதனை நடந்தது. அதற்கடுத்த வாரம் கிளாண்டில் தண்ணீர் கசிகிறதா என்று. பிறகு பேரிங், பிறகு வயர், பிறகு கரண்டின் அழுத்தம். ஒவ்வொரு வாரமும் மோட்டாரின் ஓர் உறுப்புக்குப் பரிசோதனை. நான்கு வார்த்தை மட்டுமே தெரிந்த அம்மா, சக்‌ஷன் என்றும் டெலிவரி என்றும் இம்பெல்லர் என்றும் சரளமாகப் பேசினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் முகம் கழுவி, தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டுதான் கிணற்றங்கரைக்கு வருவாள். மோட்டார் பழுது பார்க்கிறவர்கள் பிச்சிப்பூ வைத்துக்கொள்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் வேலை தண்ணீர் ஊற்றுவது, போனைப் பிடிப்பது, பிறகு மாடி ஏறுவது. மாடியில் நின்று குழாயின் வாயைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கீழே அம்மா குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். சில சமயம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. மோட்டாரில் சிரிப்பதற்கும் அழுவதற்கும் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. என் கவலையெல்லாம் கீழத்தெருப் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு விளையாட ஆரம்பித்துவிடுவார்களே என்பதுதான்.

வெள்ளிக்கிழமைகூடப் பரவாயில்லை. தினமும் காலையில் மோட்டார் போடுமுன் மூன்று வாளி இறைத்து ஊற்ற வேண்டியவளும் நானே. அதனால் இரண்டுமுறை பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி, பிரார்த்தனை முடியும் வரை கேட்டுக்கு வெளியே நின்றேன். ஒருநாள் பொறுக்காமல் அம்மாவிடம் கேட்டேன்.

“வாசர் மாத்துனா தீந்துச்சில்லா? அப்பாவே சின்ன வேலைன்னுதான சொன்னாரு?”

“அப்பா அங்க இருந்துகிட்டுச் சொல்லிருவாரு. இஞ்ச கிடந்து பாடுபடுகது யாரு?”

பாடுபடுவது நான் என்று சொல்ல வந்தேன். அம்மாவின் கையில் கரண்டி இருந்ததால் சொல்லவில்லை. ஆனால் அன்றே தீர்மானித்துவிட்டேன். இந்த மோட்டாரைச் சரியாக்கிவிடுவது, அம்மாவையும் அப்பாவையும் வாராவாரம் படும் இந்தத் தொல்லையிலிருந்து காப்பாற்றுவது. இரண்டு பேரும் என்னைக் கொண்டாடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குத் தோதாக வந்து சேர்ந்தார் மாமா. அம்மாவின் தம்பி. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டு வேலை. எஸ்டேட் பஸ்ஸில் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருவார். எந்தப் பொருளானாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத கை அவருடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அத்தையும் நிழல் தாங்கலுக்கு, உச்சி நேரத்து வழிபாட்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீடு அய்யாவைக் கும்பிடும் அய்யா வழி, அதில் கோயிலுக்குத் தாங்கல் என்று பெயர். நான் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நின்றுகொண்டேன். அந்த வலி அவர்கள் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. மாமாவை நேராகக் கிணற்றங்கரைக்கு இழுத்துப் போனேன்.

மாமா பியூசைப் பிடுங்கினார். மோட்டாரில் இருந்து பைப்பைக் கழற்றி, அதில் கயிறு கட்டி, மறுமுனையைத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் தந்தார். உள்ளே தண்ணீர் ஒழுகிப் போயிருந்ததால் பைப் கனமில்லாமல் எளிதாக மேலே வந்தது. நுனியில் பாசி பிடித்த வால்வு. அதைத் திருகிப் பிரித்தார். உள்ளே இருந்த ரப்பர் மூடி, ஓரம் கிழிந்து கிடந்தது.

“இவ்வளவுதானா சங்கதி? இத உங்கப்பா கண்டுபிடிக்கலியா?”

“கண்டுபிடிச்சாரே. மொத வாரமே சொல்லிட்டாரு.”

“பின்ன எனக்க அக்கா என்னத்துக்கு மாத்தாம வச்சிருக்கா?”

“தெரியல. வாராவாரம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காங்க. ஒண்ணும் தீரல.”

மாமா தலையைச் சொறிந்தார். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. “படிச்சவங்க வேலையே இப்பிடித்தான் மக்கா. பேசிக்கிட்டே இருப்பாவ” என்று சொல்லிவிட்டு, கொட்டகையில் கிடந்த பழைய லாரி டியூப் துண்டின்மேல் கிழிந்த மூடியை வைத்துப் பென்சிலால் வரைந்தார். இடுப்பில் இருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து ஒரே சுற்றில் வெட்டினார். “ரப்பருல ஒரு வாசர் வெட்ட நமக்குத் தெரியாதா?” என்று அவர் சொன்னபோது எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் பைப் மறுபடி கிணற்றுக்குள் இறங்கியது. கடைசி முறையாகத் தண்ணீர் ஊற்றினேன். சுவிட்சைப் போட்டதும் பிடித்தது. நிறுத்தி, மாமா ஒரு பீடி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, மறுபடி போட்டோம். உடனே பிடித்தது.

நெற்றியில் நாமத்தோடு அம்மாவும் அத்தையும் திரும்பி வந்தபோது நான் வாசலுக்கே ஓடி, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சுவிட்சைப் போடச் சொன்னேன். தண்ணீர் ஊற்றாமல் எப்படி என்று அம்மா தயங்கினாள். போட்டதும் மேலே தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. அம்மா மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரு செய்யச் சொன்னா?”

“நான்தான்!” என்றேன், வகுப்பில் விடை தெரிந்த ஒரே பிள்ளைபோலக் கையைத் தூக்கிக்கொண்டு.

“ம்” என்றாள் அம்மா. சுவிட்சை அணைத்துவிட்டு, “நல்ல காரியம்” என்றாள். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்து, “பிள்ளைக்கி அறிவு கூடிப்போச்சு” என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மாமா வந்தால் பப்படம் பொரிக்காமல் அம்மா சோறு போட்டதே கிடையாது. அன்று மாமா இரண்டுமுறை கேட்டும், தீர்ந்துபோயிற்று என்றாள். டப்பாவில் பாதிக்குமேல் இருந்தது எனக்குத் தெரியும். அம்மா மறந்திருப்பாள் என்று நினைத்து எடுத்துக் காட்டினேன். எனக்கு ஒரு முறைப்பு கிடைத்தது, மாமாவுக்குக் கடைசிவரை பப்படம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் அடித்ததும் அத்தைக்கு முன்னால் நான் பாய்ந்து எடுத்தேன்.

“அப்பா! மோட்டாரச் சரியாக்கியாச்சு! நானும் மாமாவும் வாசர் மாத்திட்டோம். இனி தண்ணியே ஊத்தண்டாம்!”

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

“அப்பா?”

“ம். நல்ல காரியம் மக்கா” என்றார். “அத்தைகிட்ட குடு.”

அத்தை செய்தி சொன்னாள். பிறகு அம்மா, அத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “ம்” என்றாள், “ஆமா” என்றாள், “சரி” என்றாள். “சாப்பிட்டியளா?” என்று மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டாள். அந்தப் பக்கமிருந்து ஏதோ கேள்வி வந்தது, “ஒண்ணுமில்ல” என்று முடித்துவிட்டாள். மொத்தமும் பத்து நிமிடம்கூட இல்லை. எனக்கு ஒரே குஷி. கீழத்தெருவில் விளையாட்டு தொடங்குமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. நடுவில் அம்மா தொட்டதற்கெல்லாம் என்மேல் எரிந்து விழுந்தாள். பென்சில் அழிக்கிற ரப்பரைத் தொலைத்ததற்கு ஓர் அடி, அது கிடைத்ததற்கு ஓர் அடி. இரசத்தில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு தடவை போட்டிருப்பாள். பிச்சி மொட்டுகள் கொடியிலேயே விரிந்து உதிர்ந்தன. இப்போது நினைத்தால், என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது எனக்கு இருந்த ஒரே வருத்தம், இவ்வளவு பெரிய காரியம் செய்தும் இந்த வீட்டில் மதிப்பில்லையே என்பதுதான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை. அடுக்களை வாசலில் உட்கார்ந்து அத்தை மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அரிவாள்மணையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏ பிள்ளே, மோட்டாருக்க சத்தம் ஒருமாதிரி இருக்கே, கேட்டியா?” என்றாள் அத்தை.

“நல்லாத்தான ஓடுது மைனி.”

“இல்ல. உள்ள என்னமோ இரையுது. வெள்ளிக்கிழமை தம்பிகிட்ட கேட்டிரு. பெரிய கேடு வந்த பொறவு கிடந்து முழிக்கண்டாம்.”

அம்மா தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தாள். அத்தை தோல் உரிப்பதில் முனைப்பாக இருந்தாள். அம்மா மறுபடி குனிந்துகொண்டாள். வெங்காயம் அரியும்போது கண்ணீர் வருவது சகஜம்தானே. எனக்குத்தான் தாங்கவில்லை. மாமாவும் நானும் செய்த வேலையைக் குறை சொல்வதா? ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன், மறுபடி போட்டேன், மறுபடி நிறுத்திப் போட்டேன்.

“ஒரு கேடும் இல்ல அத்தை! நல்லாக் கேளுங்கோ!”

“உனக்கக் காது பள்ளிக்கூடத்துக் காதுல்லா. அதுக்கு மணியடிக்க சத்தம்தான் கேக்கும்” என்றாள் அத்தை.

அந்த வெள்ளிக்கிழமை அத்தையின் செய்தி இதுவரை இல்லாத அளவுக்குச் சுருக்கமாக இருந்தது. மீன் இல்லை, மாடு இல்லை, கல்யாணம் இல்லை. “தம்பி, மோட்டாரு பின்னயும் கேடு. இவ கொண்டு வாறா, நீயே கேட்டுச் சொல்லு” என்று போனை அம்மாவின் கையில் வைத்துவிட்டாள். முட்டு வலிக்கிறது என்று காலை நீட்டிக்கொண்டாள். ஞாயிறுதோறும் தாங்கலுக்குப் போகவர மூன்று மைல் நடக்கிற முட்டு அது.

அம்மா முகம் கழுவியிருந்தாள். தலையில் பிச்சிப்பூ இருந்தது. நான் விடுவதாக இல்லை. போனைக் கேட்டு வாங்கினேன்.

“அப்பா, அத்தை சும்ம சொல்லுகா. நல்லாத்தான் ஓடுது. நீங்களே கேளுங்கோ!”

சுவிட்சைப் போட்டேன். உடனே பிடித்தது. போனை மோட்டாரின் பக்கத்தில், எந்தக் கோணத்தில் பிடித்தால் நன்றாகக் கேட்குமோ அந்தக் கோணத்தில் பிடித்தேன். கரகரப்பு இல்லை, இழுப்பு இல்லை. ஒரே சீரான, கனத்த, அழகான சத்தம். எந்தக் குருட்டு மெக்கானிக் கேட்டாலும் மார்க் போட்டுவிடுவான். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ, கை வலித்த பிறகு எடுத்துக் காதில் வைத்தேன்.

“எப்படி இருக்குப்பா?”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“இல்ல மக்கா. சத்தம் செரியில்ல.”

“என்னது?”

“உள்ள காத்து கேறியிருக்கு.”

“தண்ணி நல்லா விழுதுப்பா!”

“விழும். விழுந்தாலும் காத்து இருக்கு. இது லேசுல தீராது கேட்டியா, வாராவாரம் பாக்கணும். நீ மேல போய்த் தண்ணி எப்படி விழுதுன்னு பாரு. நாங்க கூப்பிடுகது வர அங்கேயே நில்லு. போனை அம்மைகிட்ட குடு.”

நான் மாடி ஏறினேன். குழாயில் தண்ணீர் என் மணிக்கட்டுத் தடிமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. “நல்லா விழுது!” என்று கத்தினேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. தொட்டி நிறைந்தது. “அம்மா, நெறஞ்சாச்சு! ஆஃப் பண்ணு!” என்று கத்தினேன். தொட்டி வழிந்தது. தண்ணீர் மாடித்தளமெல்லாம் பரவி என் கால்களை நனைத்து, ஓட்டை வழியாக வாழைமூட்டில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுவிட்சு கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் சத்தம் அத்தைக்கும் கேட்காமல் இருந்திருக்காது. அவளும் வரவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் நின்றபடி நான் அப்பாவை நினைத்து வருத்தப்பட்டேன். கோபம்கூட வரவில்லை, இரக்கமாக இருந்தது. இத்தனை வருடம் பம்புகளுக்கு நடுவில் இருந்தும், நன்றாக ஓடுகிற மோட்டாருக்கும் கெட்டுப்போன மோட்டாருக்கும் இந்த மனிதருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவரை நம்பி அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா பம்ப் ஆபரேட்டர் என்று இனிமேல் பீற்றிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். யாராவது ஏதாவது சந்தேகம் கேட்டுத் தொலைத்தால் மானம் போய்விடும்.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் அம்மாவும் அத்தையும் நானும் வழக்கம்போலக் கைகூப்பி நின்றோம். அம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், முகம் நிறைவாக இருந்தது. நான் கண்ணை இறுக மூடி, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி வேண்டிக்கொண்டேன்: “அய்யா, எங்க அப்பாவுக்கு மோட்டாரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கத அந்தக் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாம பாத்துக்கிடும்.”